வில்லுக்குளம் ஒழுங்கையில் கனகலிங்கம் நித்திரை கொள்ளும் நேரம்

வில்லுக்குளம் ஒழுங்கை என்ற சின்னத் தெருவில் காலை எட்டரை மணிக்கு மேல் யாரும் உரத்துக் கதைப்பதில்லை, மீன்காரச் சூசை ஹோர்ன் அடிப்பதில்லை, தண்ணீர் மோட்டார் போடுகிறவர்கள் அதற்கு முன்பே தாங்கியை நிரப்பிவிடுவார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் பவளராணியின் புருசன் கனகலிங்கம் நித்திரைக்குப் போவார். கனகலிங்கம் இருப்பதோ ரொறன்ரோவில். அங்கே யன்னல் செய்யும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, இரண்டு பேரோடு பங்குபோட்டுக்கொண்ட நிலக்கீழ் அறையில், இரவு பதினொரு மணிக்கு அவர் கண்ணை மூடினால், இங்கே யாழ்ப்பாணத்தில், நல்ல வெயிலில், பவளராணியின் கட்டிலில், சுவர்ப்பக்கத்துத் தலையணையிலிருந்து குறட்டை கிளம்பும். முதலில் பால் பொங்க முன்னர் பாத்திரத்துக்குள் கேட்கிற அளவு சத்தம், பிறகு படிப்படியாக ஏறி, குசினித் தட்டில் அடுக்கிய கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டுகிற அளவு. கட்டிலில் யாரும் இருக்கமாட்டார்கள். தலையணையில் ஒரு சுருக்கம்கூட இராது.

இரண்டு பேருமே சம்பந்தம் பேசிப் பேசிக் களைத்துப்போன ஆட்கள். அவளுக்கு முப்பத்தெட்டு, தையல்காரி, ஒழுங்கையிலுள்ள பெண்களின் சட்டை அளவெல்லாம் மனப்பாடம். அவருக்கு நாற்பத்து நான்கு, வாய் திறந்து நாலு வார்த்தை கதைப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். பவளராணியின் சின்னம்மா செத்து முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, லிங்கத்துக்கோ லீவு தள்ளிப்போட முடியாது, ஆகவே தை மாதத்தில் வைரவர் கோயிலில், பதினாலு பேருக்கு முன்னால், மேளம் இல்லாமல் தாலி கட்டினார்கள். படம் எடுக்க ஆள் பிடிக்கவில்லை. யாரோ ஒருவரின் போனில் பதினொரு படங்கள் எடுத்தார்கள், அவற்றில் ஒன்பதில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம் என்ற கணக்கில் தள்ளித் தள்ளி நின்றார்கள். கூச்சம்தான், வேறொன்றுமில்லை.

இருபத்தாறு நாள் ஒன்றாக இருந்தார்கள். அந்த இருபத்தாறு நாளில் பவளராணி கற்றுக்கொண்டது இது: மனுசன் சுவர்ப்பக்கம்தான் படுப்பார், மல்லாந்துதான் படுப்பார், குறட்டை உச்சிக்கு ஏறும்போது அவருடைய வலது தோளில் மூன்று தரம் தட்டி, "சரிஞ்சு படுங்கோப்பா" என்று சொன்னால், நித்திரைக்குள்ளிருந்தே "ஓம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். இருபத்தேழாம் நாள் அவர் விமானம் ஏறினார். அதற்கு மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு, அவள் ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தபோது, அறைக்குள் குறட்டை கேட்டது.

பவளராணி எழுந்துபோய்ப் பார்த்தாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், பிறகு வேறென்ன செய்வதென்று தெரியாமல், பழகிப்போன கை பழகிப்போன இடத்துக்குத் தானாகப் போக, மூன்று தரம் தட்டி, "சரிஞ்சு படுங்கோப்பா" என்றாள். "ஓம்" என்றது தலையணை. சத்தம் தணிந்து சீராயிற்று. அவள் கட்டில் விளிம்பில் இருந்து கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு சட்டைக்காரி நாலு மணிக்கு வந்துவிடுவாள் என்பதால் போய் மற்றக் கையையும் பொருத்தினாள்.

லிங்கத்திடம் அவள் இதைச் சொல்லவில்லை. குறட்டை விடுகிறீர்கள் என்று புருசனிடம் நேரே சொல்வதே அவளுக்குக் கூச்சம், அது கடல் கடந்து கேட்கிறது என்று வேறு எப்படிச் சொல்வது.

ஆனால் குறட்டையை முந்தானைக்குள் முடிந்துவைக்க முடியுமா. புருசன் கனடாவில் இருக்கிற பொம்பிளையின் வீட்டில் பட்டப்பகலில் ஓர் ஆம்பிளை குறட்டை விடுகிறான் என்ற கதை ஒரு கிழமைக்குள் படலைக்குப் படலை தாவி ஒழுங்கையின் மறுமுனைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் புஸ்பமக்கா, யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் கதைக்கமாட்டாள், முகத்துக்கு முன்னால்தான் கதைப்பாள், ஒருநாள் காலை விறுவிறென்று வந்து அறை வாசலில் நின்றாள்.

"பிள்ளை, உள்ள ஆர்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"அப்ப இது?"

"இவர்தான்."

"இவர் கனடாவிலயல்லோ?"

"ஓம் அக்கா. அங்கதான் படுத்திருக்கிறார்."

புஸ்பமக்கா கட்டிலடிக்குப் போனாள், வெறும் தலையணைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஓம், இது லிங்கத்தின்ரதான். அந்த இருபத்தாறு நாளும் எங்கட குசினி வரைக்கும் கேட்டது. நடுவில ஒரு விக்கல் வரும், பொறு." விக்கல் வந்தது. "பாத்தியே," என்றாள் புஸ்பமக்கா, கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு. "தேத்தண்ணியைப் போடு பிள்ளை. நான் போய்ச் சொல்லவேண்டிய ஆக்களுக்குச் சொல்லிக்கொள்ளுறன்."

அவள் சொன்னாள், அதோடு அவதூறு செத்தது, மரியாதை பிறந்தது. வெளிநாட்டில் உழைக்கிற மனுசன், பாவம், ஆறு மணி நேரம்தான் நித்திரை கொள்கிறார் என்று ஒழுங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டது. வைரவர் கோயில் ஐயர் காலைப் பூசை மணியை மெல்ல ஆட்டினார். வயிற்றுக்குத்தால் வீரிட்டு அழுகிற குழந்தைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு வந்து அந்தத் தலையணைக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள், இரண்டு குறட்டைக்குள் குழந்தைகள் உறங்கின. பங்குனி மாதத்து ஒரு திங்கட்கிழமை, ஒன்பதரைக்கு வரவேண்டிய குறட்டை எட்டரைக்கே வந்தபோது, மனுசனுக்கு ஏதும் காய்ச்சல் வருத்தமோ, வேலை போய்விட்டதோ என்று ஒழுங்கையே பதறியது. அங்கே வருசத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருப்புகிறார்கள் என்று ஒழுங்கையின் பெரிய மனுசர் ஜே.பி. சபாநடேசன் வந்து விளக்கிய பிறகுதான் மூச்சுவிட்டது. அன்றிலிருந்து யாழ்ப்பாணத்திலேயே கனடாவின் நேரமாற்றத்தை நாள் தவறாமல் அனுசரிக்கிற ஒரே ஒழுங்கை அதுதான். லிங்கத்துக்குத் தடிமன் பிடித்தால் ஒழுங்கைக்குத் தெரியும், மேலதிக வேலை செய்தால் தெரியும், ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பாமல் படுத்துக் கிடந்தால் அதுவும் தெரியும். பவளராணி நூல் வாங்கப் பஸ் பிடித்து ரவுண் கடைத்தெருவுக்குப் போகிற நாட்களில் மட்டும் வீடு சத்தமில்லாமல் கிடக்கும், மனுசன் எழும்பிவிட்டார் போல என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இத்தனையும் தெரிந்த ஒழுங்கை ஒரு விசயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டது: லிங்கத்துக்கு இது தெரியக்கூடாது, தெரிந்தால் அந்த வெட்கம்பிடித்த மனுசன் பிறகு கண்ணே மூடமாட்டார்.

பவளராணிக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கனடா பார்க்கவேண்டும், பனி பார்க்கவேண்டும் என்பதல்ல. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இருட்டவேண்டும். அவள் இரவில் சத்தமில்லாத கட்டிலில் தனியே படுத்தாள், பகலில் அவருடைய நித்திரைக்குக் காவலிருந்து தைத்தாள், அவர் எழும்பி வேலைக்கு ஓடும்போது இங்கே வெயில் சாயத் தொடங்கும் நேரம். ஒரு பிள்ளை வேண்டுமென்ற நினைப்பும் இருந்தது. அதற்கும் முதலில் ஒரே நேரத்தில் இருட்டத்தான் வேண்டும்.

அவள் கனடா போக விண்ணப்பம் போட்டது ஜே.பி. சபாநடேசன். முன்பு தபால் கந்தோரில் இருந்தவர், சமாதான நீதவான், கையில் எப்போதும் இறப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் இருக்கும், ஒழுங்கையிலிருந்து வெளிநாடு போன அத்தனை பேருடைய படிவத்தையும் நிரப்பியவர். அடுத்த வருசம் ஆவணியில் கடிதம் வந்தது. அவர் அதைப் பவளராணியின் முற்றத்தில் நின்று, உள்ளே லிங்கத்தின் நித்திரை குழம்பாத குரலில், ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொன்னார். இந்தத் திருமணம் உண்மையானதா என்று விசா அதிகாரிக்குச் சந்தேகம் இருக்கிறதாம். படங்கள் பதினொன்றுதான், அவற்றிலும் தம்பதிகள் நெருக்கமாக இல்லை. சேர்ந்திருந்தது இருபத்தாறே நாள். அனுப்பிய நானூற்றுப் பன்னிரண்டு பக்கத் தொலைபேசிச் செய்திகளிலும் சாப்பாட்டைத் தவிர வேறெதைப் பற்றியும் கதைக்கவில்லை. ஐப்பசியில் கொழும்புக்கு நேர்முகத்துக்கு வரவும்.

ஒழுங்கை புண்பட்டுப் போயிற்று. செய்திகள் என்னவோ அப்படித்தான் இருந்தன. "சாப்பிட்டீரோ." "ஓம். நீங்கள்?" "ஓம். என்ன கறி?" "கத்தரிக்காய்ப் பால்கறி." "நல்லம்." இப்படியே நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"சாப்பாட்டைப் பற்றிக் கேக்காம பேந்து எதைப் பற்றிக் கேக்கிறது?" என்றாள் புஸ்பமக்கா. "நாப்பது வருசம் குடும்பம் நடத்தினன். என்ர மனுசன் சாகிற அண்டைக்கும் நான் சாப்பிட்டனோ எண்டுதான் கேட்டவர்."

"அது எங்களுக்கு விளங்கும் புஸ்பம், அவையளுக்கு விளங்கவேணுமே," என்றார் ஜே.பி. பிறகு பவளராணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த முறை மறுத்தா, திரும்பப் போட்டு முடிய இன்னும் மூண்டு வருசம் எடுக்கும் பிள்ளை." அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று. உள்ளே விக்கல் வந்து போயிற்று.

குறட்டையைப் போனில் பதிந்து அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார், பதிந்தார்கள். போட்டுக் கேட்டால் மின்விசிறிச் சத்தமும் ஒரு காகமும்தான் கேட்டன. ஒழுங்கையிலுள்ள முப்பத்தொரு பேரும் கேட்டோம் என்று சத்தியக்கடதாசி முடிக்கலாம் என்றார்கள், முடித்தார்கள், ஜே.பி.யும் முத்திரை குத்தினார், குத்திவிட்டு அதைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். "இதை அனுப்பினா ஒழுங்கை முழுக்க விசர் பிடிச்சிட்டுது எண்டு எழுதிப்போடுவாங்கள்," என்றார். அவரிடம் வேறொரு வழி இருந்தது. நேர்முகத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, அதற்குள் அன்பான செய்திகள் நாலைந்தாவது பரிமாறப்படவேண்டும். லிங்கத்தை அழைத்து, தானே சொல்லச் சொல்ல எழுதவைத்தார், பவளத்துக்குச் சொல்லவேண்டாம், அவள் இயல்பாகப் பதில் எழுதட்டும் என்றும் சொல்லிவைத்தார்.

அன்று மத்தியானம் மூன்றரைக்கு, பவளராணி பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "என் உயிரின் உயிரே, நிலவு காய்கிறது, உன் நினைவில் நானும் காய்கிறேன்."

அவள் இரண்டு தரம் வாசித்தாள். உடனே எழுதினாள்: "நீங்கள் ஆர்? இவற்ற போனை எங்க எடுத்தனீங்கள்? மரியாதையாக் கொண்டுபோய்க் குடுத்திடுங்கோ."

"நான்தான் என் தேன்மொழியே," என்று வந்தது.

அவள் அந்த இலக்கத்தைத் தடைசெய்தாள். இரண்டு நாள் லிங்கம் அங்கே தவித்தார், அவளோ இங்கே பதறவில்லை, ஏனென்றால் அடுத்த நாள் எட்டரைக்குக் குறட்டை ஒழுங்காக வந்தது. மனுசன் சுகமாகத்தான் இருக்கிறார், போன்தான் களவு போய்விட்டது என்று நிம்மதியாகத் தைத்தாள். மூன்றாம் நாள் விசயம் வெளிக்கு வந்தபோது ஜே.பி. தலையில் கைவைத்தார், அதிலும் மோசம் என்னவென்றால் அதற்குள் அவர் புதிய செய்திகளை அச்செடுத்து, பிறர் காதலை வாசிப்பது அழகல்ல என்று வாசிக்காமலே உறையிலிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, பத்து மணிக்கு நேர்முகம். ஒழுங்கை ஒன்றுகூடி முடிவெடுத்தபடி புஸ்பமக்காவும் துணைக்கு வந்தாள், சுவர்ப்பக்கத்துத் தலையணையை ஒரு சீலைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அந்த நேரத்துக்கு லிங்கம் நித்திரையாகி இரண்டொரு குறட்டை விட்டால் போதும், அதிகாரி தன் காதாலேயே கேட்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் லிங்கம் முதல்நாளே சொல்லிவிட்டார்: "நான் படுக்கமாட்டன். நீர் அங்க கஷ்டப்பட நான் இஞ்ச நித்திரை கொள்ளுறதே. போனைக் கையில வச்சுக்கொண்டு இருப்பன்." பவளராணியால் என்ன சொல்லமுடியும். அதுபோதாதென்று வாசல் காவலாளி தலையணையை உள்ளே விடவில்லை. புஸ்பமக்கா தெருவோர மரத்தடியில் தலையணையில் காதை வைத்தபடி இருந்துவிட்டாள், போவோர் வருவோர் பாவம் தலையிடி போல என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

உள்ளே சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, ஐம்பது வயதிருக்கும் வெள்ளைக்காரப் பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். பக்கத்தில் மொழிபெயர்க்கும் தமிழர். இந்தப் பக்கம் பவளராணி, அவளுக்கு இடப்பக்கம் ஒரு வெறும் கதிரை. அதிகாரி கேட்டதற்கெல்லாம் அவள் உள்ளதைச் சொன்னாள். சின்னம்மாவின் செத்தவீடு, பதினாலு பேர், இருபத்தாறு நாள். அதிகாரி கடைசிப் பக்கங்களை எடுத்தாள்.

"உங்கள் கணவர் அன்பாக எழுதியிருக்கிறார். நீங்கள் 'யார் நீங்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள்," என்றார் மொழிபெயர்ப்பாளர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"அது அவர் எழுதேல்லை," என்றாள் பவளராணி. ஜே.பி.யைக் காட்டிக்கொடுக்க மனமில்லை, ஆனால் பொய்யும் வாயில் வரவில்லை. "எங்கட ஒழுங்கையில ஒரு பெரிய மனுசர், எங்கட செய்தியில அன்பு காணாது எண்டு சொல்லிக்குடுத்து எழுதுவிச்சவர். நான் கள்ளனாக்கும் எண்டு நினைச்சன். என்ர மனுசன் நிலவைப் பற்றியெல்லாம் கதைக்கமாட்டார்."

"சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் கதைப்பாரா?"

பவளராணி யோசித்தாள். இதை யாரும் அவளிடம் இதுவரை கேட்டதில்லை, அவளும் தனக்குள் கேட்டதில்லை. "என்ன கறி எண்டு அவர் கேக்கிறது கறியை அறியிறதுக்கில்லை," என்றாள். "தனிய இருக்கிறன்தானே, தனிய இருக்கிறவை சமைக்கப் பஞ்சியில கடைப் பாணைக் கடிச்சுப்போட்டுக் கிடப்பினம். நான் அடுப்பு மூட்டினனோ எண்டுதான் கேக்கிறார். கறியின்ர பேரைச் சொன்னா நான் நல்லா இருக்கிறன் எண்டு விளங்கிக்கொள்ளுவார். ஒண்டுரண்டு நாள் நான் சமைக்காமலே கத்தரிக்காய் எண்டு எழுதினனான். அண்டைக்கு அவருக்கு..."

அங்கேதான் அது கேட்டது. முதலில் பால் பொங்க முன்னர் கேட்கிற சத்தம். பவளராணி பேச்சை நிறுத்தினாள். அவளுடைய இடப்பக்கத்து வெறும் கதிரையிலிருந்து, தலையணை இல்லாமல், கட்டில் இல்லாமல், ஒழுங்கை இல்லாமல், குறட்டை மெல்ல ஏறியது. ரவுணுக்குப் போகும் நாட்களில் வீடு ஏன் சத்தமில்லாமல் கிடந்தது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மனுசன் தலையணையில் படுக்கவில்லை, அவளுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார், அவள் எங்கே போனாலும், பஸ் இரைச்சலுக்குள்ளும் கடைத்தெருவுக்குள்ளும், இத்தனை நாளும். கண்விழித்திருப்பேன் என்று சொன்ன மனுசன், பத்து மணி நேரம் நின்று வேலை செய்த உடம்பு, போனைக் கையில் வைத்தபடி கண் அயர்ந்துவிட்டார்.

அதிகாரி நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக் கதிரையைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் மேசையைப் பார்த்தார். குறட்டை உச்சிக்கு ஏறியது, மேசையிலிருந்த தண்ணீர்க் கிளாசும் தட்டும் முட்டிக்கொண்டன, விக்கலும் வந்தது, எந்த இடத்தில் எப்படி நடக்கவேண்டுமென்று நினைக்கிற நிலையில் பவளராணி இல்லை. கை தானாகப் போய்க் கதிரைச் சாய்வின் வலது மூலையில் மூன்று தரம் தட்டியது. "சரிஞ்சு படுங்கோப்பா," என்றாள்.

"ஓம்," என்றது கதிரை. சத்தம் தணிந்து சீராயிற்று.

பிறகு அதிகாரி தாழ்ந்த குரலில், படுத்திருப்பவரை எழுப்பக்கூடாது என்ற குரலில், ஏதோ கேட்டாள்.

"இப்போது நீங்கள் எங்கே தட்டினீர்கள் என்று கேட்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர், அவரும் மெதுவாக.

"வலது தோளில. மூண்டு தரம்."

அதிகாரி எழுதிக்கொண்டாள். பிறகு கோப்பைப் புரட்டி லிங்கத்தின் இலக்கத்தைத் தேடி, மேசைத் தொலைபேசியில் அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். மூன்றாவது மணியில் கதிரை அமைதியானது. "ஹலோ," என்றது தொலைபேசி, நித்திரைக் குரலில்.

நித்திரையா என்று கேட்கப்பட்டது. "மன்னிக்கவேணும்," என்றார் லிங்கம். "முழிச்சிருக்கத்தான் இருந்தனான். கதிரையில இருந்தபடி ஒருக்காக் கண் அயர்ந்திட்டுது. பேந்து இவ வந்து தட்டினா..." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"யார் தட்டினார்?"

பிறகு, அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட பேச்சு வந்தது. "என்ர மனிசி. வலது தோளில, மூண்டு தரம் தட்டுவா. சரிஞ்சு படுங்கோ எண்டுவா. நான் ஓம் எண்டிட்டுத் திரும்பிப் படுத்திடுவன். நான் இஞ்ச வந்து மூண்டாம் நாளில இருந்து ஒவ்வொரு இரவும் நடக்குது. கூட இருக்கிற ஆக்கள் நான் கனவு காணுறன் எண்டுகினம். கனவில்லை, அவவின்ர கையில தையல் ஊசி குத்தின காய்ப்பு இருக்கு, அது தோளில படும். இதை அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தன்னால என்ர நித்திரை குழம்புது எண்டு கவலைப்படுவா."

பவளராணி கையை மடியில் வைத்துப் பெருவிரலைப் பார்த்தாள். காய்ப்பு இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கத் தெரியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சொல்லாமல் வைத்திருந்தது அவள் மட்டுமில்லை.

அதிகாரி தொலைபேசியை வைத்தாள். கோப்பில் ஏதோ எழுதினாள், எழுதியதை மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாள். "இந்த அறையில் கேட்டதை எழுதப் படிவத்தில் இடமில்லையாம்," என்றார் அவர். "இரண்டு பேரும் ஒரே தோளைச் சொன்னீர்கள் என்று எழுத இடம் இருக்கிறதாம்." பவளராணி எழுந்து கும்பிட்டாள். வெளியே மரத்தடியில் புஸ்பமக்கா தலையணையைக் கட்டிப்பிடித்தபடி, "ஒரு சத்தமும் வரேல்லை பிள்ளை, கைவிட்டிட்டார்," என்று அழுதுகொண்டிருந்தாள்.

மாசியில் கடிதம் வந்தது. ஜே.பி. முற்றத்தில் நின்று வாசித்தார், "இந்த உறவு உண்மையானது" என்ற வரியை மட்டும் நாலு தரம், நாலாவது தரம் உரத்து வாசித்துவிட்டு, லிங்கம் படுத்திருக்கிறார் என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். அலுமாரியிலிருந்த சத்தியக்கடதாசியை, முப்பத்தொரு கையெழுத்தோடும், வேறு சீர் கொடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லிப் பவளராணியின் பெட்டிக்குள் வைத்தார். அவள் தன்னுடைய தலையணையையும் எடுத்துக்கொண்டாள். சுவர்ப்பக்கத்துத் தலையணையைக் குழந்தைகளுக்கு உதவட்டும் என்று புஸ்பமக்காவிடம் கொடுத்தாள்.

உதவவில்லை. பங்குனியில், அவள் போய்ச் சேர்ந்த மறுநாள், எட்டரைக்கு ஒழுங்கை வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. எட்டரை, ஒன்பது, ஒன்பதரை. தலையணை வெறும் தலையணையாகக் கிடந்தது. சேர்ந்திட்டினம், என்றார்கள் ஒருவருக்கொருவர், சந்தோசமாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் அன்றைக்கு ஒழுங்கையில் பல வீடுகளில் சோறு மிஞ்சியது.

ஒரு கிழமை பொறுத்து, அங்கே இரவு பதினொன்றரை, இங்கே காலை ஒன்பது, புஸ்பமக்கா பொறுக்கமாட்டாமல் அழைத்தாள்.

"சாப்பிட்டியே பிள்ளை?"

"ஓம் அக்கா."

"என்ன கறி?"

"கத்தரிக்காய்ப் பால்கறி. உண்மையாச் சமைச்சனான்." பவளராணி குசுகுசுத்தாள், பின்னணியில் அந்தப் பழைய குறட்டை, விக்கலோடு, கிட்டத்தில் கேட்டது. புஸ்பமக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இஞ்ச வெறிச்சோடிப் போச்சடி. சத்தமே இல்லை. ஆனா பார், எல்லாருக்கும் பழகிப்போச்சு, இன்னும் ஒருத்தரும் உரத்துக் கதைக்கினமில்லை. ஐயர் மணியை மெல்லத்தான் ஆட்டுறார். சூசை உன்ர படலையடியில இறங்கி, ஹோர்ன் அடிக்காம சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போறான். ஏனடா எண்டு கேட்டன், அந்தாள் இப்பத்தானே படுத்திருக்கும் எண்டுறான்."

"தெரியும் அக்கா," என்றாள் பவளராணி. அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த தன் தலையணையில் மற்றக் காதை அழுத்திப் படுத்திருந்தாள். "இண்டைக்கு உருட்டேக்க செயின் கழண்டிட்டுதெல்லோ. மாட்டிக்கொண்டு போக நேரம் எடுத்தது."

புஸ்பமக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். படலையடி மணலில் செயின் எண்ணெய்க் கறை இன்னும் காயவில்லை. அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், அதற்குள் தொலைபேசியில் மூன்று தரம் மெல்லத் தட்டுகிற சத்தமும், "சரிஞ்சு படுங்கோப்பா" என்ற குரலும், பிறகு "ஓம்" என்பதும் கேட்டன, ஆகவே அவள் தாழ்ந்த குரலில் வைக்கிறன் பிள்ளை என்று சொல்லி, சத்தமில்லாமல் வைத்தாள்.